பழைய ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் விடியும் முன் நின்றுவிடுவது ஏன்? காரணத்தைக் கண்டறியும் முறை

இரவு பத்து மணிக்குக் கழற்றி மேசையில் வைத்த கைக்கடிகாரம், காலையில் பார்க்கும்போது நான்கு நாற்பதில் நின்றிருக்கிறது. எடுத்து இரண்டு முறை அசைத்தால் ஓடத் தொடங்குகிறது. பகல் முழுவதும் நேரமும் சரியாகவே இருக்கிறது. மறுநாள் விடியலில் மறுபடியும் அதே நிலை. கையசைவால் தானே முறுக்கேறும் பழைய ஆட்டோமேட்டிக் கடிகாரம் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிய தொல்லை. "மெயின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மாற்றினால் சரியாகிவிடும்" என்று கேட்டதும் சொல்லிவிடுபவர்களும் உண்டு. என் அனுபவத்தில், மெயின் ஸ்பிரிங், அதாவது கடிகாரத்தை ஓட்டும் முதன்மைச் சுருள், சந்தேகப் பட்டியலில் கடைசிக்குச் சற்று முன்னே வர வேண்டிய உறுப்பு. அதை மாற்றுவதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஸ்பிரிங் முழுமையாக முறுக்கேறாமல் இருக்கிறதா, அல்லது முழுமையாக ஏறிய முறுக்கு உரிய நேரத்துக்கு முன்பே பயனற்றுப் போகிறதா? இவ்விரண்டுக்கும் காரணங்கள் வேறு, பழுது பார்க்கும் இடங்களும் வேறு. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கடிகாரத்தைத் திறப்பவர் குறையில்லாத பாகங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார்.

எவ்வளவு நேரம் ஓடினால் சரி என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1950-களிலிருந்து 1980-கள் வரை வந்த ஆட்டோமேட்டிக் இயந்திரங்களில் பெரும்பாலானவை ஒரு முழுச் சாவிக்கு 38 மணி முதல் 50 மணி நேரம் வரை ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. ஈடிஏ 2824-2 இயந்திரத்துக்கு 38 மணி நேரம், ஒமேகாவின் 550 வரிசைக்கு ஏறத்தாழ 50 மணி நேரம், பிற்காலத்திய சீகோ 7எஸ்26-க்கு ஏறத்தாழ 41 மணி நேரம் என்பவை புதிய நிலையில் எதிர்பார்க்கத் தக்க அளவுகள். நாற்பது ஐம்பது ஆண்டு கண்ட இயந்திரம் இதில் மூன்று நான்கு மணி நேரம் குறைத்துக் கொடுத்தால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. முப்பது மணிக்குக் கீழே இறங்கினால் தேட வேண்டிய காரணம் ஏதோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

கடிகாரம் முழுவதும் நின்றுபோகும் வரை விட்டுவிட்டு, பிறகு குமிழைத் திருகி முப்பது நாற்பது சுற்று சாவி கொடுங்கள். ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் கைச்சாவிக் கடிகாரத்தைப் போல "இதற்கு மேல் திரும்பாது" என்ற முட்டுக்கட்டை கிடையாது. நிரம்பிய பிறகு ஸ்பிரிங்கின் வெளிமுனை, அதை உள்ளடக்கிய பேரல் என்னும் உருளைப்பெட்டியின் சுவரோடு நழுவிக்கொள்ளும். ஆகவே சில சுற்றுகள் அதிகமாகிவிட்டால் சேதமில்லை. ஆனால் பழைய சாவிப் பற்சக்கரங்களை வேகமாகத் திருகி வதைக்க வேண்டாம்; நிதானமாகத் திருகினால் போதும். நேரத்தைச் சரியாக வைத்து, குமிழை உள்ளே தள்ளி, டயல் மேலே பார்த்திருக்கும்படி அசையாத இடத்தில் வைத்துவிட வேண்டும். அதன்பின் தொடக்கூடாது. எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ரோட்டார் என்னும் சுழலும் எடை சற்றே சுற்றி ஸ்பிரிங்குக்கு முறுக்கைக் கூட்டிவிடும்; அளவு கெட்டுவிடும்.

சீகோவின் 7எஸ்26 போன்ற இயந்திரங்களில் குமிழால் சாவி கொடுக்கவே முடியாது. அவற்றில் பின்மூடியைத் திறந்து, பேரலின் மேலிருந்து ஸ்பிரிங்கை முறுக்கும் ராட்செட் சக்கரத்தின் நடுத் திருகாணியைப் பொருத்தமான ஸ்குரூடிரைவரால் வலப்பக்கமாக மெதுவாகத் திருப்பி முறுக்கேற்றலாம். ஏறத்தாழ எட்டுச் சுற்றில் ஸ்பிரிங் நிரம்பிவிடும். பின்மூடியைத் திறக்கத் துணிவில்லாதவர்கள் கடிகாரத்தைக் கிடையாகப் பிடித்து இரண்டு மூன்று நிமிடங்கள் பக்கவாட்டில் சீராக ஆட்டலாம். ஆனால் அதனால் முழு முறுக்கு ஏறியதா என்பது உறுதியாகாது. ஆகவே அந்த வழியில் கிடைக்கும் எண்ணை வைத்து ஸ்பிரிங்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

கடிகாரம் எப்போது நின்றது என்பதைக் கண்விழித்துக் காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. நின்ற முட்களே அந்த நேரத்தைச் சொல்லும். குழப்பம் ஒன்றே ஒன்று: மூன்று மணி என்று காட்டினால் அது அதிகாலை மூன்றா, பிற்பகல் மூன்றா? தேதி காட்டும் கடிகாரமாக இருந்தால் இதற்கு எளிய வழி உண்டு. குமிழை இழுத்து முட்களை முன்னோக்கி மட்டும் நகர்த்துங்கள். அடுத்த பன்னிரண்டைத் தாண்டும்போது தேதி மாறினால் கடிகாரம் நின்றது பிற்பகலில், மாறாவிட்டால் அதிகாலையில். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வைத்த கடிகாரம் ஞாயிறு தேதியோடு 2.40-இல் நின்றிருந்தால், இந்தச் சோதனை ஒன்றைக் கொண்டு அது ஓடியது 18 மணி 40 நிமிடமா, 30 மணி 40 நிமிடமா என்று பிரித்துவிடலாம்.

இந்த அளவை ஒருமுறை எடுத்தால் போதாது. டயல் மேலே இருக்கும்படி ஒரு முறை, குமிழ் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்து ஒரு முறை, பிறகு வழக்கம்போல ஒரு நாள் கையில் கட்டிக் கழற்றி வைத்து ஒரு முறை என்று மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் அருகருகே எழுதிப் பார்க்கும்போதே பாதி விடை கிடைத்துவிடும். சாவி கொடுத்தால் 40 மணி நேரம் ஓடுகிறது, கையில் கட்டிக் கழற்றினால் எட்டே மணி நேரத்தில் நிற்கிறது என்றால், ஸ்பிரிங்கும் பற்சக்கரங்களும் நலமாக இருக்கின்றன. தானே முறுக்கேற்றும் பகுதியில்தான் குறை. சாவி கொடுத்தாலும் 25 மணி நேரத்தைத் தாண்டவில்லை என்றால் ரோட்டாரைத் தொடவே வேண்டாம். குறை பேரலிலோ அதற்கு அடுத்து வரும் சக்கரங்களிலோ இருக்கிறது. டயல் மேலே இருக்கும்போது 42, நிறுத்தி வைத்தால் 30 என்று பெரிய வேறுபாடு வந்தால், இருபுறமும் ஊசலாடி ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனைகளும் அவை அமரும் கற்களும் அழுக்கேறியிருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம்.

முறுக்கு ஏறாத கடிகாரம்

கருவியைக் குறை சொல்வதற்கு முன் கையைப் பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுவதும் மேசைமேல் முன்கையை ஊன்றித் தட்டச்சு செய்பவரின் கடிகாரம், அவர் நினைப்பதைவிட மிகக் குறைவாகவே முறுக்கேறுகிறது. தளர்வான பட்டையில் புரளும் கடிகாரத்தைவிட இறுக்கமாகக் கட்டிய கடிகாரத்துக்கு அசைவு கொஞ்சம் குறைவு. அவ்வாறிருந்தால், நடமாட்டம் அதிகமுள்ள ஒரு நாளில் கட்டிப் பார்த்து, அன்று இரவு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஒப்பிடுவது நல்லது. அந்த வேறுபாடே விடையாக அமைந்துவிட்டால் செலவு மிச்சம்.

கையில் குறையில்லை என்று தெரிந்தபின் இயந்திரத்துக்கு வருவோம். பின்மூடியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தை அல்ல, மூடியின் உட்புறத்தை. அதில் பிறைவடிவில் பளபளக்கும் கீறல் இருந்தால் ரோட்டார் மூடியை உரசிக்கொண்டிருக்கிறது. ரோட்டாரின் அச்சோ, அது சுழலும் குண்டு பேரிங்கோ தேய்ந்து, எடையுள்ள விளிம்பு தாழ்ந்துவிட்டதன் அடையாளம் அது. விரல் நுனியால் ரோட்டாரின் விளிம்பை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியும். நல்ல ரோட்டார், இயந்திரத்தைச் சற்றே சாய்த்தாலும் தன் எடையாலேயே வழுக்கி வந்து கீழ்ப்பக்கம் நிற்கும். சாய்த்த பிறகும் தயங்கி நிற்கும் ரோட்டார் எங்கோ உராய்வில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, ராட்செட் சக்கரத்தின் ஒரு பல்லில் பேனா மையால் மிகச் சிறிய புள்ளி வையுங்கள். ரோட்டாரை விரலால் ஒரு திசையில் இருபது சுற்றுச் சுற்றிப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். பிறகு எதிர்த்திசையில் இருபது சுற்று. ராட்செட் மிக மெதுவாகத்தான் நகரும், ஏனெனில் ரோட்டார் பல பத்துச் சுற்றுகள் சுற்றினால்தான் ராட்செட் ஒரு முழுச் சுற்றை முடிக்கும். ஆகவே லென்ஸ் வைத்துப் பார்ப்பது நல்லது. இரு திசையிலும் முறுக்கேற்றும் இயந்திரத்தில் புள்ளி இரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு நகர வேண்டும். ஒரு திசையில் மட்டும் நகர்ந்தால், கையசைவில் பாதி வீணாகிறது என்று பொருள். ஆனால் வால்ஜூ 7750, மியோட்டா 8215 போன்றவை வடிவமைப்பிலேயே ஒரு திசையில் மட்டும் முறுக்கேற்றுபவை. அவற்றைக் குறையுள்ளவை என்று எண்ணிப் பிரித்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தின் எண்ணைப் பார்த்து அதன் இயல்பை அறிந்துகொண்ட பிறகே இந்தச் சோதனைக்கு முடிவு சொல்ல வேண்டும். 1940-களின் பம்பர் வகைக் கடிகாரங்களில் ரோட்டார் முழு வட்டம் சுற்றுவதே இல்லை. இருபுறமும் சிறு ஸ்பிரிங்குகளில் மோதித் திரும்பும். அந்த மெல்லிய மோதலைக் கையில் உணர்ந்து பயப்பட வேண்டியதில்லை.

ஈடிஏ வகை இயந்திரங்களில் இரு திசைச் சுழற்சியை ஒரு திசையாக்கும் ரிவர்சர் சக்கரங்கள் இரண்டு உண்டு. அவற்றின் உள்ளே இருக்கும் நுண்ணிய நாக்குகள், உலர்ந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டால் முறுக்கேற்றம் குலைந்துபோகும். இதைக் கண்டுபிடிக்கக் கழற்றவே வேண்டியதில்லை: பின்மூடி திறந்த நிலையில் குமிழால் சாவி கொடுத்துப் பாருங்கள். ரோட்டார் அசையாமல் இருந்தால் நன்று. சாவி கொடுக்கும்போதே ரோட்டாரும் கூடச் சேர்ந்து சுற்றினால் ரிவர்சர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றைக் கழுவி, இதற்கென்றே விற்கும் மிக மெல்லிய எண்ணெய்க் கரைசலில் முக்கி உலர்த்துவதே முறை. "எண்ணெய் போதவில்லை" என்று நினைத்து ஊசியால் கூடுதல் எண்ணெய் வைப்பவர் நோயை வளர்க்கிறார்.

சீகோவில் இந்த வேலையைச் செய்வது இரு கைகள் கொண்ட மேஜிக் லீவர்; 1959-இல் அறிமுகமான அமைப்பு அது. ஒரு கை இழுக்கும், மற்றது தள்ளும். இரண்டும் ஒரே சக்கரத்தை ஒரே பக்கமாக நகர்த்தும். இதில் ஒட்டிக்கொள்ளும் சிக்கல் குறைவு, தேய்மானம் அதிகம். கைகளின் நுனி கூர்மை மழுங்கியிருக்கிறதா, அவை பற்றும் சக்கரத்தின் பற்கள் வளைந்திருக்கின்றனவா, அந்தச் சக்கரத்தின் அச்சு அமரும் துளை வட்டமாக இருக்கிறதா நீள்வட்டமாகியிருக்கிறதா என்ற மூன்றையும் லென்ஸில் பார்த்துவிட்டால் விடை கிடைத்துவிடும்.

முறுக்கு ஏறியும் ஓடாத கடிகாரம்

இனி கடினமான பக்கம். முழுச் சாவி கொடுத்தும் 25 மணி நேரத்தில் நின்ற கடிகாரத்தை உடனே அசைத்து ஓட விட்டுவிடாதீர்கள். நின்றிருக்கும் அந்த நிலையில் பேரலில் எவ்வளவு முறுக்கு மிச்சமிருக்கிறது என்பதே இங்கு மிகப் பெரிய சான்று; அசைத்தால் அது அழிந்துவிடும். பின்மூடியைத் திறந்து, தானே முறுக்கேற்றும் பகுதியைக் கவனமாகக் கழற்றி வைத்துவிட்டு, குமிழை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, ராட்செட் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் கிளிக்கை ஒரு ஊசிமுனையால் விலக்கி, குமிழை விரல்களுக்குள் சிறிது சிறிதாகப் பின்னோக்கித் திரும்ப விட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள். குமிழைப் பிடிக்காமல் கிளிக்கை விலக்கினால் ஸ்பிரிங் ஒரேயடியாக அவிழ்ந்து பற்களை உடைத்துவிடக்கூடும். இந்த ஓர் எச்சரிக்கையை மறக்கக் கூடாது. தளரும்போது ராட்செட் எத்தனை சுற்றுப் பின்னோக்கி வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு சுற்றுக்கும் குறைவாக இருந்தால், இருந்த சக்தி அனைத்தையும் கடிகாரம் செலவழித்துவிட்டே நின்றிருக்கிறது. அதாவது ஆரம்பத்திலேயே ஸ்பிரிங்கில் போதிய முறுக்கு சேரவில்லை. இரண்டரை மூன்று சுற்று மிச்சமிருந்தால், சக்தி இருந்தும் சக்கரங்களைக் கடந்து பேலன்ஸை எட்ட முடியாமல் உராய்வில் வீணாகியிருக்கிறது. மெயின் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை இந்த ஓர் எண்ணிக்கை முடித்துவைத்துவிடும்.

முறுக்கு சேரவில்லை என்றால் எத்தனை சுற்றுச் சேர வேண்டும் என்ற கணக்கு தெரிய வேண்டும். நடுச் சக்கரம் மணிக்கு ஒரு சுற்றுச் சுற்றும் வழக்கமான அமைப்பில், பேரலுக்கு 72 பல்லும் நடுச் சக்கரத்தின் பினியனுக்கு (அச்சிலுள்ள சிறு பற்சக்கரம்) 12 பல்லும் இருந்தால் பேரல் ஒரு சுற்றுக்கு 6 மணி நேரம் எடுக்கும். ஸ்பிரிங்கிலிருந்து பயன்படக்கூடிய ஏழு சுற்றுக் கிடைத்தால் 42 மணி நேரம். நாலரைச் சுற்றே கிடைத்தால் 27 மணி நேரம். ஸ்பிரிங்கை முழுவதும் தளர்த்திய நிலையிலிருந்து ராட்செட்டைத் திருப்பிக்கொண்டே வந்து, எத்தனையாவது சுற்றில் நழுவத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். நழுவும்போது திருகாணியின் இறுக்கம் திடீரென இளகுவது கையில் தெரியும். காதருகே வைத்தால் பேரலுக்குள் மெல்லிய நறநறப்பும் கேட்கும். ஏழெட்டுச் சுற்றுக்கு இடமிருக்கும் பேரலில் ஐந்தாவது சுற்றிலேயே நழுவினால், குற்றவாளியைப் பிடித்தாயிற்று.

இந்த நழுவலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழுதுபார்த்து வந்த பிறகு நிலைமை முன்பைவிட மோசமாகும் கடிகாரங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். கைச்சாவிக் கடிகாரத்தில் மெயின் ஸ்பிரிங்கின் வெளிமுனை பேரல் சுவரில் கொக்கியில் மாட்டியிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் கொக்கி இல்லை. முனையில் பிரைடில் என்னும் வலுவான இன்னொரு பட்டை ஒட்டப்பட்டு, அது சுவரை அழுத்திப் பற்றிக்கொண்டிருக்கும். சுவரில் சில வகைகளில் பள்ளங்களும் வெட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் நிரம்பிய பின்பே அந்தப் பிடி தளர்ந்து நழுவ வேண்டும். அதற்கு முன் நழுவக் கூடாது. அந்தப் பிடியைச் சரியான அளவில் வைத்திருப்பதற்கென்றே பிரேக்கிங் கிரீஸ் என்று தனியாக ஒன்று உண்டு: பித்தளைப் பேரலுக்கு மோபியஸ் 8213, அலுமினியப் பேரலுக்கு 8217 என்று வகை பிரித்துக் கொடுக்கப்பட்டது அது. வழக்கமான எண்ணெய் வழுக்குவதற்காக இடப்படுவது. இது பிடிப்பதற்காக இடப்படுவது.

என்னிடமுள்ள 1960-களின் சுவிஸ் ஆட்டோமேட்டிக் ஒன்று சர்வீஸுக்குப் போகும் முன் 36 மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது பேலன்ஸின் வீச்சு (அது ஊசலாடும் கோணம்) நன்றாகவே இருந்தது, நேரமும் துல்லியம், ஆனால் 24 மணி நேரத்தில் நின்றது. சர்வீஸ் செய்தவரிடம் கேட்டால் "பழைய ஸ்பிரிங், இனிமேல் இப்படித்தான்" என்ற பதில். பேரலைத் திறந்தபோது சுவர் முழுவதும் எண்ணெய் தகதகவென்று பூசியிருந்தது. கடிகாரத்தின் மற்றப் பாகங்களுக்கு வைத்த அதே எண்ணெயைத் தாராளமாக அங்கேயும் வைத்திருக்கிறார். பேரலையும் ஸ்பிரிங்கையும் கழுவித் துடைத்து, சுவரில் நான்கு இடத்தில் மட்டும் பிரேக்கிங் கிரீஸை எள்ளளவு வைத்து, அதே பழைய ஸ்பிரிங்கைத் திரும்பச் சுற்றி வைத்தேன். முதல் சோதனையில் 43 மணி நேரம் ஓடியது.

இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு. பிடி அளவுக்கு மிஞ்சிப்போனால் ஸ்பிரிங் நழுவ மறுக்கும். பேலன்ஸ் சக்கரம் அளவுக்கு மீறிச் சுழன்று, அதன் முள், பேலன்ஸுக்கும் சக்கர வரிசைக்கும் இடையே இருக்கும் பேலட் ஃபோர்க்கின் வெளிப்புறத்தில் மோதத் தொடங்கும். அப்போது கடிகாரம் பகலில் திடீரென வேகமாக ஓடி முன்னே போகும். ஓட்ட நேரம் குறையும் நோயல்ல அது. ஆனால் கிரீஸை மாற்றியவர்கள் அதன்பின் இதையும் கவனிக்க வேண்டும்.

மெயின் ஸ்பிரிங்கே குற்றவாளியாக இருப்பதற்கும் இடமுண்டு. பழைய நீலநிற எஃகு ஸ்பிரிங்கை வெளியே எடுத்தால், அது மேசைமேல் பேரலுக்குள் இருந்த அளவிலேயே சுருண்டு கிடந்தால் தளர்ந்துவிட்டது என்று பொருள். நன்றாக இருக்கும் ஸ்பிரிங் விரிந்து அகலும். வெள்ளைநிற உலோகக் கலவை ஸ்பிரிங்குகள் தளர்வது அரிது. வெளியே எடுத்தால் அவை எதிர்ப்பக்கமாக வளைந்து எஸ் வடிவில் விரியும். தளர்ச்சியைவிட அதிகம் காண்பது, யாரோ எப்போதோ மாற்றிப் போட்ட தவறான அளவு. பட்டையின் அகலம், தடிமன், நீளம், பேரலின் உள்விட்டம் என்ற நான்கு எண்களும் பொருந்த வேண்டும். முறுக்கு விசை அகலத்துக்கு நேர்விகிதத்திலும் தடிமனின் மூன்றாம் அடுக்கிலும் கூடும், 0.10 மில்லிமீட்டருக்குப் பதில் 0.11 போட்டால் விசை ஏறத்தாழ 33 விழுக்காடு கூடிவிடும். சோம்பிக் கிடந்த கடிகாரம் உற்சாகமாகத் துள்ளுவதைப் பார்த்து மகிழ்வார்கள். ஆனால் தடித்த பட்டை அதே பேரலில் குறைந்த சுற்றுகளே அமையும். விசை கூடினாலும் ஓடும் நேரம் குறுகும். ஆகவே ஸ்பிரிங்கைக் கழற்றியவர் மைக்ரோமீட்டரால் தடிமனை அளந்து, இயந்திரத்துக்குரிய அளவோடு ஒப்பிடாமல் திரும்ப மாட்டக் கூடாது.

டைம்கிராபர் சொல்லும் கதை

டிக் ஒலியைக் கேட்டு கடிகாரத்தின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராபர் வைத்திருப்பவர்கள் கடிகாரத்தைத் திறக்காமலேயே உராய்வையும் நழுவலையும் பிரித்தறிய முடியும். முதலில் கருவியில், வீச்சைக் கணக்கிட அது பயன்படுத்தும், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் லிஃப்ட் கோணத்தைச் சரியாக வையுங்கள். பெரும்பாலான கருவிகள் 52 பாகையில் தொடங்கும். ஒமேகா 550 வரிசைக்கு 49, சீகோ 7எஸ்26-க்கு 53. 49-க்குப் பதில் 52 வைத்துவிட்டால், உண்மையில் 254 பாகை வீச்சுள்ள கடிகாரத்துக்கு 270 என்று காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

முழுச் சாவி கொடுத்த ஒரு மணி நேரத்தில் டயல் மேலே இருக்கும்படி ஒரு வீச்சு, பன்னிரண்டு மணி நேரத்தில் ஒன்று, இருபத்து நான்கில் ஒன்று என்று எழுதுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய இயந்திரத்தில் முதல் எண் 260-க்கு மேலும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பின் 210, 220 என்ற அளவிலும் இருக்கலாம். முதல் எண் 280, பன்னிரண்டில் 240, இருபதில் 170, பிறகு நிற்கிறது என்று படிப்படியாகச் சரிந்தால் சக்கரங்கள் வழிவிடுகின்றன, ஸ்பிரிங்கில்தான் சுற்றுகள் போதவில்லை. நழுவலையும் தவறான ஸ்பிரிங்கையும் தேடுங்கள். தொடக்கத்திலேயே 200-க்கு மேல் எழாமல், மெதுவாகக் குறைந்து, சக்தி மிச்சமிருக்கும்போதே நின்றால் அது உராய்வு. முதல் வகைக் கடிகாரத்துக்கு முழு சர்வீஸ் செய்தாலும் பலன் கிடைக்காது. இரண்டாம் வகைக்குப் புதிய ஸ்பிரிங் போட்டாலும் பலன் கிடைக்காது.

அதோடு, டிக், டாக் இரண்டுக்கும் இடையிலான நேர வேறுபாட்டைக் காட்டும் பீட் எரர் என்ற எண்ணையும் பாருங்கள். 1 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். நான்கு ஐந்து என்று இருந்தால், வீச்சு குறையும் கடைசி நேரத்தில் கடிகாரம் ஒரு பக்கமாகத் தள்ளாடி உரிய நேரத்துக்கு முன்பே நின்றுபோகும். நின்றது தானாக மீண்டும் புறப்படுவதும் கடினமாகும்.

உராய்வு எங்கே

உராய்வுக்கு மிகப் பொதுவான காரணம் உலர்ந்த எண்ணெய். பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடப்படாத இயந்திரத்தில் கற்களைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் பிசினாக ஒட்டியிருப்பதை லென்ஸில் காணலாம். அதன்மேல் புதிய எண்ணெய் விட்டால் இரண்டு வாரம் நன்றாக ஓடி, பிசினைக் கரைத்து அரைத்துத் தேய்மானத்தைக் கூட்டும். முழுவதும் பிரித்துக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

கழுவி மாட்டும்போது ஒரு சோதனை செய்யலாம். பேலட் ஃபோர்க்கை இன்னும் வைக்காத நிலையில் ராட்செட்டுக்கு ஓரிரு பல் மட்டும் முறுக்குக் கொடுங்கள். சக்கர வரிசை முழுவதும் தடையின்றிச் சுழன்று ஓய்ந்து, கடைசியில், வரிசையின் இறுதியிலுள்ள எஸ்கேப் சக்கரம் சற்றே பின்னோக்கித் திரும்பி நிற்க வேண்டும். பின்னோக்கி வராமல் திடுக்கென நின்றால் எங்கோ பிடிக்கிறது. பெரும்பாலும் கல் பதிக்காத பித்தளைத் துளைகளில்தான் அது இருக்கும். முக்கியமாகப் பேரலின் அச்சு அமரும் துளைகளைப் பாருங்கள்; அதிகமான விசையைத் தாங்குவது அந்த இடம், பல இயந்திரங்களில் அங்கே கல் கிடையாது. துளை நீள்வட்டமாகிவிட்டால் பேரல் சாய்ந்து அடுத்த சக்கரத்தையோ பாலத்தையோ உரசும்; பேரலின் விளிம்பில் வட்டமாக ஒரு பளபளப்பான கோடு தெரியும். அதற்குப் புதிய புஷ் (துளைக்கான உள்வளையம்) அடிக்க வேண்டும், எண்ணெய் மருந்தல்ல.

நின்ற நேரங்களை எழுதி வைத்திருந்தால் அதிலிருந்து இன்னொன்றும் வெளிப்படலாம். வெவ்வேறு நாளில் வெவ்வேறு நேரத்தில் சாவி கொடுத்திருந்தும் முட்கள் எப்போதும் பத்தரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையிலேயே நின்றால், தேதிச் சக்கரத்தை நகர்த்தும் வேலையில்தான் கடிகாரம் களைத்துப்போகிறது. நாளும் தேதியும் இரண்டும் மாறும் இயந்திரங்களில் அந்தச் சுமை இன்னும் கூடுதல். டயலுக்குக் கீழே இருக்கும் அந்தப் பகுதியில் உலர்ந்த கிரீஸையும் தேதி வளையத்தை அழுத்தும் சிறு ஸ்பிரிங்கையும் பாருங்கள். டயலைக் கழற்றும்போது முட்களிலும் எண்களிலும் உள்ள பழைய ஒளிர்பூச்சு உதிர்ந்தால் ஊதிவிட வேண்டாம். 1960-களுக்கு முந்தைய பலவற்றில் அது ரேடியம் கலந்தது. அப்படிப்பட்ட டயலை நான் திறப்பதே இல்லை.

கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, முட்கள் மட்டும் பின்தங்குகிறது என்றால் அது வேறு நோய். நடு அச்சில் முட்களைச் சுமக்கும் கேனன் பினியன் தளர்ந்திருக்கிறது. காலையில் நேரம் தவறியிருப்பதைப் பார்த்து "இரவில் நின்று பிறகு ஓடியது" என்று தவறாக எண்ணிவிடுவதுண்டு. நொடி முள் ஓடுகிறதா என்று இரவில் ஒரு முறை பார்த்துவிட்டால் தெளிவாகிவிடும். காந்தமேறிய கடிகாரமும் பெரும்பாலும் வேகமாக ஓடுமே தவிர, ஓடும் நேரம் பாதியாகாது. திசைகாட்டியை அருகில் வைத்து முள் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிடலாம்.

பழுது நீங்கிய பிறகு

கிரீஸ் மாற்றியிருந்தால் முதல் முழுச் சாவியின் அளவை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று முறை முழுவதும் நிரப்பி, நழுவும் வரை முறுக்கி, முழுவதும் ஓடி நிற்க விட்ட பிறகே கிரீஸ் தன் இடத்தில் படியும். அதன்பின் தொடக்கத்தில் எடுத்த மூன்று அளவுகளையும் அதே முறையில், அதே இடத்தில் மீண்டும் எடுங்கள். சாவி கொடுத்த அளவு சரியாகி, கையில் கட்டிய அளவு மட்டும் இன்னும் குறைவாக இருந்தால் இரண்டு குறைகள் ஒன்றாக இருந்திருக்கின்றன. பழைய கடிகாரங்களில் அது அரிதல்ல. எனது சுவிஸ் கடிகாரத்திலும் அப்படித்தான் நேர்ந்தது. பேரலைச் சரிசெய்து 43 மணி நேரம் கிடைத்த பிறகும், கையில் கட்டிக் கழற்றிய இரவில் பன்னிரண்டு மணி நேரமே ஓடியது. ரிவர்சர் இரண்டையும் கழுவிய பிறகுதான் வெள்ளி இரவு கழற்றி வைத்தது ஞாயிறு காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது.